புண் ஆறினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவரச் சேர்மங்களைத் தோல் புற்றுநோய்க்கு மருந்தாகச் சோதிப்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பல ஆண்டுகள் மருந்தியல் கற்பித்தவள் நான். இந்த ஆய்வுகள் தொடர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் "கட்டி மறைந்தது", "புண் ஆறியது" என்பதையே வெற்றியின் அளவுகோலாகக் கட்டுரை காட்டியது கவலை தருகிறது. நுரையீரலிலோ கணையத்திலோ வரும் கட்டியைப் போலன்றி, தோலில் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அதனாலேயே கண் சொல்வதை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

இதற்கு இன்ஜெனால் மெபுடேட் என்ற தாவர மருந்தை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. யூஃபோர்பியா பெப்லஸ் என்னும் சிறு களைச்செடியின் பாலை மருக்களின் மீதும் தோல் கட்டிகளின் மீதும் தடவும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அந்தப் பாலில் இருந்த சேர்மத்தைப் பிரித்தெடுத்து, மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, 2012 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலும் பெற்றார்கள். வெயில் பட்டுப் பட்டுத் தோலில் தோன்றும் சொரசொரப்பான தடிப்புகள் சில சமயம் புற்றுநோயாக மாறும். அவற்றின் மீது இந்தக் களிம்பை இரண்டு அல்லது மூன்று நாள் பூசினால் போதும். தோல் சிவந்து, பொருக்குத் தட்டி, உரிந்து, பலருக்குத் தடிப்பே இல்லாமல் போனது. முக்கியச் சோதனைகளில் 57ஆம் நாள் தோலைப் பார்த்துப் பலனைக் கணித்தார்கள். அந்தப் பலன் பொய்யல்ல.

பின்னர் 484 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. இந்தக் களிம்பைப் பூசியவர்களில் 3.3 சதவீதம் பேருக்குத் தோல் புற்றுநோய் வந்திருந்தது. ஒப்பீட்டுக்காக இமிகுவிமாட் என்ற வேறொரு மருந்தைப் பூசியவர்களிடம் அது 0.4 சதவீதம்தான். 2020 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை அதன் பயன்பாட்டை நிறுத்திவைக்கச் சொன்னது. அடுத்த மாதமே ஐரோப்பாவில் அதற்கான அனுமதி முடிவுக்கு வந்தது. புற்றுநோயைத் தடுக்க வேண்டிய மருந்தே அதன் வாய்ப்பைக் கூட்டுகிறதோ என்ற ஐயத்தால் அது நிறுத்தப்பட எட்டு ஆண்டுகள் ஆகின. இத்தனைக்கும் இது ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட மருந்து.

சோதனையே இல்லாமல் விற்கப்படும் கருங்களிம்பை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 'பிளாக் சால்வ்' என்ற பெயரில் இணையத்தில் கிடைக்கும் இதில் பெரும்பாலும் சாங்குவினரின் என்ற தாவரச் சேர்மமும், தோலை அரிக்கும் துத்தநாகக் குளோரைடும் இருக்கும். சாங்குவினரின் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்பது உண்மை. நல்ல செல்களையும் அது விட்டுவைப்பதில்லை என்பதும் உண்மை. பூசிய இடம் கருகிப் பொருக்காகி விழுகிறது, மேலே புதுத் தோல் மூடுகிறது, நோயாளி குணமானதாக நினைக்கிறார். அடியில் மிச்சமிருந்த கட்டி வளர்ந்து, பரவிய பிறகு மருத்துவரிடம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

தாவரங்களிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. சினை ஆடுகள் மேய்ந்த வெராட்ரம் என்ற செடியில் இருந்த சைக்ளோபமைன்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. கருவின் வளர்ச்சியை வழிநடத்தும் ஒரு செல் சமிக்ஞையை அது தடுக்கிறது. அதே சமிக்ஞை மிகையாக இயங்குவதுதான் தோல் புற்றுநோயில் ஒரு வகையான அடித்தளச் செல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். சைக்ளோபமைன் மருந்தாகவில்லை. அது காட்டிய இலக்கைக் குறிவைத்து ஆய்வுக்கூடத்தில் உருவான விஸ்மோடெகிப், முற்றிய அடித்தளச் செல் புற்றுநோய்க்கு 2012இல் ஒப்புதல் பெற்றது. கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளவே கூடாது. ஆட்டுக்குட்டிகளுக்கு நேர்ந்தது எதனால் என்று தெரிந்திருந்ததால் அந்த எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே இருந்தது.

ஆஸ்திரேலிய மழைக்காட்டு மரமொன்றின் விதையிலிருந்து வந்த டிகிலானால் டிக்லேட், நாய்களின் தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிகள் என்ற ஒரு வகைப் புற்றுக்கட்டிகளுக்கு 2020 முதல் ஊசி மருந்தாகப் பயன்படுகிறது. மனிதர்களிடமும் அதைச் சோதித்துவருகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் இன்ஜெனால் மெபுடேட்டைப் போலவே இதுவும் செல்லுக்குள் புரதக் கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகிறது. ஆகவே ஊசி போட்ட இடத்தைப் பல ஆண்டுகள் கவனித்த பிறகே நான் நிம்மதி அடைவேன்.

இனி இத்தகைய ஆய்வுகளை வெளியிடும்போது, அது நடந்தது கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். கட்டி போன இடத்தில் திசு எடுத்துப் பரிசோதித்தார்களா, எத்தனை காலம் நோயாளிகளைத் தொடர்ந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்களிடம் கேட்டு எழுதுங்கள். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் தோல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையால் குணமாகின்றன. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கக்கூடும். அவர்களுக்காக இந்தத் தகவலை அடுத்த இதழில் கட்டாயம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியை