ஏலம் முடிந்த பிறகு கேட்கும் காசு

லெஸ்டர், இங்கிலாந்து

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பா இப்போது கைத்தடி இல்லாமல் மகாமகக் குளம் வரை நடந்து போய் வருகிறார் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஸ்டூடியோவின் பின்பக்க டார்க் ரூமை மறுபடி திறக்கப் போகிறாய் என்பதும் அதே அளவு சந்தோஷம். ஊரில் எல்லோரும் செல்போனில் எடுத்துத் தள்ளும் காலத்தில் பிலிமில் படம் எடுக்கச் சொல்லித்தரப் போகிறேன் என்கிறாய். அவசியம் செய்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், வீடு கொஞ்சம் வெறிச்சோடிக் கிடக்கிறது. சின்னவனுக்கு இந்த வருடம் தேர்வு.

நீ கேட்ட கேமரா வந்து சேர்ந்துவிட்டது. யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய பிலிம் கேமரா, அப்பா வைத்திருந்த அதே மாடல். ஆனால் அது கைக்கு வருவதற்குள் விற்றவரோடு நடந்த இழுபறியை உனக்கு விவரமாக எழுத வேண்டும். நீயும் வெளிநாட்டு ஏலங்களில் லென்ஸும், படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரும் தேடப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான்.

பழைய கேமராக்களுக்கென்றே இருக்கும் ஒரு சின்ன ஏலத் தளத்தில்தான் இதைப் பார்த்தேன். அங்கே பணம் தளத்தின் வழியாகப் போவதில்லை, வாங்குபவரும் விற்பவரும் பேபால் என்ற இணையப் பணச் சேவையில் நேரடியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விற்பவர் வடக்கே ஒரு ஊரில் கடை வைத்திருப்பவர். விவரப் பக்கத்தில் கேமராவின் நிலை, தபால் செலவு, பேபால் ஏற்கப்படும் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் இன்னொருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தார். 142 பவுண்டில் எனக்கு விழுந்தது. தபாலுக்கு 9 பவுண்டு 50 பென்ஸ். ஆக மொத்தம் 151 பவுண்டு 50 பென்ஸ்.

கொஞ்ச நேரத்தில் விற்பவரிடமிருந்து செய்தி வந்தது. பேபால் கட்டணத்துக்காக 8 பவுண்டு சேர்த்து அனுப்புங்கள், இல்லையென்றால் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வழியில் அனுப்பிவிடுங்கள், இருவருக்கும் செலவில்லை என்று எழுதியிருந்தார்.

முதலில் அந்த 8 பவுண்டைப் பார். பொருளுக்கான பணம் என்று அனுப்பினால் பேபால் இங்கே வழக்கமாகப் பிடிப்பது 2.9 சதவீதமும் அதன் மேல் 30 பென்ஸும். 151 பவுண்டு 50 பென்ஸுக்குக் கணக்குப் போட்டால் 4 பவுண்டு 69 பென்ஸ்தான் வரும். மீதி மூன்று பவுண்டுக்கு மேல் எதற்கு? கட்டணம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். உன்னிடம் யாராவது இப்படிக் கேட்டால் முதல் வேலையாகக் காகிதமும் பேனாவும் எடு.

இரண்டாவது வழி இன்னும் மோசம். நண்பருக்கு அனுப்புவதாகச் சொல்லி அனுப்பும் பணத்துக்குப் பேபாலின் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருளுக்கான பணமாக அனுப்பியிருந்தால், பெட்டி வராவிட்டாலோ, சொன்னதற்கு மாறாக வேறொன்று வந்தாலோ 180 நாளுக்குள் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நண்பருக்கென்று அனுப்பிவிட்டால் அது கைமாற்றாகக் கொடுத்த காசு மாதிரி, போனால் போனதுதான். முகம் தெரியாத ஒருவருக்கு 150 பவுண்டை எந்தப் பிடிமானமும் இல்லாமல் அனுப்பச் சொல்கிறார், அவருடைய நாலே முக்கால் பவுண்டு மிச்சமாவதற்காக! இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்துவிடாதே. விற்பவர் எவ்வளவு நல்ல மாதிரியாகப் பேசினாலும் செய்யாதே.

எனக்குக் கட்டணத்தின் மேல் கோபமில்லை. சின்னக் கடைக்காரருக்கு ஒவ்வொரு விற்பனையிலும் மூன்று சதவீதம் போவது வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். உன் ஸ்டூடியோவில் கிரெடிட் கார்டு தேய்த்தால் உனக்கும் வலிக்கும். அதை ஆரம்ப விலையிலேயே ஏற்றி வைக்கலாம். லண்டனில் சோதபிஸ், கிறிஸ்டீஸ் என்ற பெரிய ஏல நிறுவனங்கள் 1975-லிருந்தே வாங்குபவரிடம் விலைக்கு மேல் குறிப்பிட்ட சதவீதத்தை வசூலிக்கின்றன. ஆனால் ஏலம் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அது முன்கூட்டியே தெரியும், அதை மனதில் வைத்துத்தான் கை தூக்குகிறார். இங்கே மூன்று தரம் சொல்லி முடித்த பிறகு விலை ஏறுகிறது. என் உச்சவரம்பு 145 பவுண்டு என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். இன்னும் 8 பவுண்டு உண்டு என்று தெரிந்திருந்தால் 137-லேயே நிறுத்தியிருப்பேன், கேமரா அந்த இன்னொருவருக்குப் போயிருக்கும். எனக்கு மட்டுமல்ல, தோற்றுப் போன அந்த மனிதருக்கும் இது அநியாயம். அவர் மோதியது என்னுடைய உண்மையான விலையோடு அல்ல.

நம் ஊரிலும் இது புதிதில்லையே. பில் போட்ட பிறகு, கார்டு என்றால் ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார் என்பார்கள். டெபிட் கார்டுக்கு அப்படிக் கேட்கும் கடைகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இங்கே பிரிட்டனில் 2018 ஜனவரி 13-லிருந்து, கார்டு ஆனாலும் பேபால் ஆனாலும், வணிகர் சாதாரண வாடிக்கையாளரிடம் அதற்கென்று தனியாகக் காசு கேட்கக் கூடாது என்பது சட்டம். வீட்டில் கிடந்த பழைய கேமராவை விற்கும் தனி ஆளுக்கு அது பொருந்தாது. இவரோ கடை நடத்துபவர், ஆகவே நன்றாகவே பொருந்தும். ஈபே மாதிரிப் பெரிய இணைய ஏலத் தளங்களிலும் பணம் செலுத்தும் முறைக்காக விற்பவர் தனிக் கட்டணம் போடக் கூடாது என்றே விதி. 1995-ல் ஈபே தொடங்கியபோது தபாலில் செக்கும் மணி ஆர்டரும் அனுப்பிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பார்கள். 2002-ல் பேபாலையே 150 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள், 2015-ல் இரண்டும் பிரிந்தன. இப்போது பணத்தை ஈபேயே வாங்கி விற்பவருக்குக் கொடுத்துவிடுகிறது. சின்னத் தளங்களில் அந்த வசதி இல்லை. நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, நான் செய்தது இதுதான். முதலில் அந்த விவரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன், ஏனென்றால் பிற்பாடு வரிகளை மாற்றிவிடுவார்கள். அப்புறம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பதில் எழுதினேன். அவர் தன் சொந்த மின்னஞ்சலுக்கு வரச் சொன்னார், நான் போகவில்லை. தகராறு என்று வந்தால் தளத்துக்காரர்கள் பார்க்கக்கூடியது உள்ளே இருக்கும் பேச்சை மட்டும்தான். விவரத்தில் எழுதியிருக்கும் 151 பவுண்டு 50 பென்ஸை இன்றே பொருளுக்கான பணமாக அனுப்புகிறேன், கூடுதல் கட்டணம் விவரத்தில் இல்லை, சட்டப்படியும் கேட்க முடியாது என்று நாலே வரி. திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சொன்னபடி அன்றே அனுப்பியும் விட்டேன். தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டே பணத்தைப் பிடித்து வைத்தால், கடைசியில் பணம் கட்டாதவன் என்ற பெயர் நமக்கு வந்துவிடும்.

அவர் அடம் பிடித்தார். இரண்டாவதாகக் கேட்டவருக்கே கொடுத்துவிடுவேன் என்றார். எனக்கு மோசமான மதிப்பீடு எழுதுவேன் என்றார். பெட்டியும் நகரவில்லை. எனக்குக் கோபம் வரத்தான் செய்தது, உன் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளாயிற்றே. ஆனால் மிரட்டலுக்கு மிரட்டல் எழுதவில்லை. ஒன்று கேமராவை அனுப்புங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்புங்கள், இந்த வார இறுதிக்குள் இரண்டும் நடக்கவில்லை என்றால் பேபாலில் புகார் பதிவு செய்வேன் என்று மட்டும் எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. வெள்ளிக்கிழமை, பெட்டி எங்கே வருகிறது என்று பார்க்கும் தபால் எண் வந்தது. மிரட்டிய மதிப்பீட்டையும் அவர் எழுதவில்லை. நான் அவரைப் பற்றி எழுதினேன்: கேமரா சொன்னபடி இருந்தது, ஏலத்துக்குப் பிறகு கூடுதல் பணம் கேட்டார். நடந்தது அவ்வளவுதான், அடுத்து வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.

கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். பிலிம் சுற்றும் வலது பக்கக் கைப்பிடி மெத்தென்று சுற்றுகிறது, பிசிறில்லை. மேல் மூடியைத் திறந்து, காட்சி விழும் மங்கல் கண்ணாடியில் பார்த்தேன், ஓரம் வரை தெளிவு. லென்ஸில் பூஞ்சை இல்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். மெதுவான ஷட்டர் வேகங்கள் மட்டும் கொஞ்சம் இழுக்கின்றன. ஒரு விநாடி வைத்தால் ஒன்றரைக்குப் போகிறது. எண்ணெய் இறுகியிருக்கும், அப்பா பார்த்தால் அரை நாளில் சரிசெய்துவிடுவார். உள்ளே இருக்கும் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்குப் பழைய மெர்க்குரி பேட்டரி வேண்டும், அது இப்போது எங்கும் தயாராவதில்லை. உன்னிடம் இருக்கும் கைமீட்டரே போதும். இணையத்தில் வாங்கியதால் காரணமே சொல்லாமல் 14 நாளில் திருப்பித் தரும் உரிமை எனக்கு இருந்தது, கடைக்காரரிடம் வாங்குவதில் அது ஒரு நன்மை. திருப்பத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு வரும்போது கையிலேயே கொண்டுவருகிறேன், தபாலில் அனுப்ப எனக்கு மனசில்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிய பிறகு இந்தக் கேமராவுக்கான '120' அளவு பிலிம் ரோல் உனக்குக் கிடைப்பது சிரமம் என்று எழுதியிருந்தாய். இல்ஃபோர்ட் பிலிம் இங்கே செஷயரில்தான் தயாராகிறது, எந்த ஊரிலும் கிடைக்கும். அவர்களுடைய எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம் எத்தனை ரோல் வேண்டும், டெவலப்பரும் சேர்த்து வேண்டுமா என்று அடுத்த கடிதத்தில் எழுது, டிசம்பருக்குள் வாங்கி வைக்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்