பொருள்: ‘ஜீரோ கேஜ் செம்பு’ என்று விற்ற ஆம்ப் வயரிங் கிட்டில் இருப்பது அலுமினியம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், கார் ஆடியோ பாகங்கள் பிரிவு

ஐயா,

காரின் ஆம்ப்புக்கு (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் கருவி) பேட்டரியிலிருந்து மின்சாரம் கொண்டுபோக உங்களிடம் வாங்கிய வயரிங் கிட்டோடு வந்த ஃப்யூஸ் ஹோல்டர் (ஃப்யூஸைப் பிடித்திருக்கும் கூடு) உருகிவிட்டது என்ற என் முதல் புகாருக்கு, “ஆல்டர்னேட்டர் போதவில்லை, பேட்டரியை மாற்றிப் பாருங்கள்” என்று பதில் அனுப்பினீர்கள். காரைப் பார்க்காமல், ஒரு அளவுகூடக் கேட்காமல் எழுதிய பதில் அது.

வண்டியில் இருப்பது 180 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தருவது). ஆல்டர்னேட்டர்–பேட்டரி, பேட்டரி நெகட்டிவ்–பாடி, இன்ஜின்–பாடி ஆகிய மூன்று இணைப்புகளும் வேறு இடத்தில் வாங்கிய 50 சதுர மி.மீ. செம்பு வயர். பேட்டரியிலிருந்து டிக்கியில் உள்ள 1500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) மோனோ ஆம்ப் வரை போகும் 5 மீட்டர் மட்டும்தான் உங்களுடையது.

இன்ஜின் ஓடும்போது 45 ஹெர்ட்ஸ் டோன் போட்டு அளந்தேன். கிளாம்ப் மீட்டரில் 130 ஆம்பியர். பேட்டரி முனைகளில் 13.4 வோல்ட், ஆம்ப் முனைகளில் 12.54. ஆல்டர்னேட்டர் திணறியிருந்தால் பேட்டரியிலேயே வோல்டேஜ் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. காணாமல் போன 0.86 வோல்ட்டில் பாசிட்டிவ் வயரில் 0.49, ஃப்யூஸ் ஹோல்டரில் 0.28, எர்த் பக்கம் 0.09. உண்மையான ஜீரோ கேஜ் (53.5 சதுர மி.மீ. பருமன்) செம்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.32 மில்லி ஓம். அதே 5 மீட்டரில் 0.21 வோல்ட்தான் போயிருக்கும்.

பிறகு வயரையே சோதித்தேன். ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். லைட்டர் தீயில் காட்டினால் நுனி உருகிச் சுருள்கிறது. செம்பு லைட்டருக்கு உருகாது. உறை நீக்கிய ஒரு மீட்டர் 118 கிராம். 53.5 சதுர மி.மீ. செம்பு என்றால் 480 கிராம் அளவில் இருக்க வேண்டும். இழைகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, எண்ணிப் பெருக்கினால் 35 சதுர மி.மீ.தான் வருகிறது. தடித்த ரப்பர் உறைதான் அதை ஜீரோ கேஜ் போலக் காட்டுகிறது. ஆக, உலோகத்திலும் ஏமாற்று, பருமனிலும் ஏமாற்று.

செம்பு பூசிய அலுமினியம் (சிசிஏ) விற்பதே குற்றம் என்று சொல்லவில்லை. லேபிளில் சிசிஏ என்று போட்டிருந்தால் இந்த வேலைக்கு 80 சதுர மி.மீ.க்கு மேல் தேர்ந்திருப்பேன், அல்லது இரண்டு வயர் இழுத்திருப்பேன்.

ஹோல்டர் விஷயம்தான் ஆபத்தானது. அதில் வயரைப் பிடிப்பது ஒரு சின்ன அல்லன் ஸ்க்ரூ. அலுமினிய இழை அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், ஸ்க்ரூ தளரும், தொடர்புத் தடை ஏறும். 0.28 வோல்ட்டை 130 ஆம்பியரால் பெருக்கினால் 36 வாட், சால்டரிங் அயர்ன் சூடு. ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் கொடுத்தது 300 ஆம்பியர் ஏஎன்எல் வகை ஃப்யூஸ். 130 ஆம்பியருக்கு அது அசையாது. அது பார்ப்பது மின்னோட்டத்தை, ஹோல்டரின் சூட்டை அல்ல. ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டியது வயரை. இந்த வயருக்கு, என் கணிப்பில், 150க்கு மேல் போடவே கூடாது. எங்காவது உறை கிழிந்து பாடியில் உரசினால், 300 ஆம்பியர் ஃப்யூஸ் போகும் முன்பே கார்ப்பெட் எரியலாம்.

ஹோல்டர் உட்பட கிட்டின் முழு விலை, மாற்றிப் பொருத்தும் கூலி இரண்டையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இதே லேபிளில் விற்பனையில் இருக்கும் கிட்டுகளை நிறுத்தி, உலோகத்தையும் சதுர மி.மீ. அளவையும் உறையில் அச்சிட வேண்டும். இல்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இன்னொரு வயர் அனுப்பிச் சமாதானம் செய்ய வேண்டாம். அதே ரீலில் இருந்துதான் வரும்.

இணைப்பு: பில் நகல், மல்டிமீட்டர் படங்கள், உருகிய ஹோல்டர் படம், 10 செ.மீ. வயர் துண்டு.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்