உன் மகள் கேட்ட கேள்விக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புத் தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலமாக இருப்பதாகச் சென்ற வாரம் காட்பாடி ரயில் நிலையத்தில் பார்த்த உன் தங்கை சொன்னாள். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுவது எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் விடுதியில் இருந்த இரண்டு வருடமும் உன் அம்மாவுக்கு உன் பெயரில் கடிதம் எழுதியவள் நான்தான். அதை மறந்துவிட்டு என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நீ ஏசியிருப்பதை ஏற்க மாட்டேன்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் சாம்பிள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்ட நம் ஃப்ரீசர் அண்ணன் மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. இரத்த சாம்பிள்களை உறைய வைத்திருக்கும் மைனஸ் 80 டிகிரி பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் நோட்டில் குறிக்கும் வேலை என்னிடம் வந்துவிட்டது. ஒரு கத்திரி வெயில் இரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் ஓடாதபோது, தொரப்பாடியிலிருந்து சைக்கிளில் வந்து, எட்டு வருடத்துச் சாம்பிள்களை ஒவ்வொரு அடுக்காக ஐஸில் வைத்துப் பக்கத்துத் துறையின் பெட்டிக்கு மாற்றியவர் அவர். அந்தச் சாம்பிள்களை வைத்து எழுதிய கட்டுரைகள் எதிலும் அவர் பெயர் இல்லை. பிரிவு விழாவில் சால்வை போர்த்தினார்கள். நான் மேடைக்குப் போகவே இல்லை, அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம்தான் உன் மகள் போனில் பேசினாள். "நாளமில்லாச் சுரப்பி ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது பெரியம்மா, ஆனால் வெறும் இரத்தம் எடுத்துக் குழாயில் விடுகிற வேலைதானே, சேரலாமா?" என்று கேட்டாள். குழந்தை அறியாமல் கேட்டதுதான், கோபமில்லை. ஆனால் அந்த 'வெறும்' என்ற சொல் இரண்டு மாதமாக என்னை உறங்கவிடவில்லை. போனில் சொல்லி முடிகிற காரியமாகவும் தோன்றவில்லை. ஆகவே இதை நீ படித்துவிட்டு அவளிடம் கொடு.

2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில், பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 'வகை 5' என்று ஒரு சர்க்கரை நோயை ஏற்றுக்கொண்ட செய்தியைப் படித்திருப்பாய். இளம் வயதிலேயே சத்துக் குறைவால் மெலிந்தவர்களுக்கு வரும் நோய் அது. 1955இல் ஜமைக்காவில் ஒரு மருத்துவர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்தது. ஆதாரம் போதவில்லை என்று 1999இல் நீக்கிவிட்டது. மறுபடியும் அதை நிலைநாட்டிய ஆய்வுகளுள் முக்கியமானது நம் ஊர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்து 2022இல் வெளிவந்தது. டாக்டர் நிஹால் தாமஸ், நியூயார்க்கின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸ் ஆகியோரின் பெயர்களைச் செய்தித்தாள்களில் பார்த்தேன். அந்தப் பெருமைக்கு அவர்கள் உரியவர்களே. நான் அந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் அதே மாதிரியான நோயாளிகளை, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் குடியாத்தத்துப் பீடிக் குடும்பங்களிலிருந்தும் வருகிறவர்களை, முப்பது வருடமாக நானும் ஊசியோடு பார்த்திருக்கிறேன்.

அந்த நோயின் அடையாளம் என்னவென்று உன் மகளைக் கேள். இன்சுலின் வேலை செய்யாமல் போவது அல்ல, கணையம் சுரப்பதே மிகவும் குறைவாக இருப்பது. இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படிக்கச் சொல். மெலிந்த கையில் நரம்பு கிடைக்காமல் ஊசியைத் துழாவி, சிரிஞ்சை வேகமாக இழுத்தால், சிவப்பணுக்கள் உடைந்து, பிறகு பிரித்தெடுக்கும் நீர்ப்பகுதி செந்நிறமாகிவிடும். உடைந்த அணுக்களிலிருந்து வெளிவரும் நொதி, குழாயில் இருக்கும் இன்சுலினைச் சிதைத்துவிடும். கருவி இன்சுலின் குறைவு என்று காட்டும். அதாவது, நோயின் அடையாளமும் நம் கைத்தவறின் அடையாளமும் ஒன்றேயாகிவிடுகின்றன. இன்சுலினோடு கூடவே கணையத்திலிருந்து வெளிவரும் சி-பெப்டைடு அந்த நொதியால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை என்பதால் அதையும் சேர்த்து அளந்து சரிபார்க்கலாம். என்றாலும் நல்ல சாம்பிளுக்கு ஈடு கிடையாது. சர்க்கரையும் அப்படித்தான். குழாய்க்குள் போன பிறகும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃப்ளோரைடு அதை உடனே நிறுத்திவிடாது, ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். நம் ஊர் வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் அந்தக் குழாயை மேஜைமேல் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவள், தன்னை அறியாமலேயே ஒரு நோயாளியின் எண்ணைத் திருத்தி எழுதுகிறாள்.

கிளாம்ப் பரிசோதனையை நீ நேரில் பார்த்ததில்லை. வெறும் வயிற்றில் வந்தவரைப் படுக்க வைத்து, ஒரு கையில் இன்சுலினை ஒரே சீராகச் செலுத்துவோம். இரத்தச் சர்க்கரை சுமார் 90 மில்லிகிராமிலேயே நிற்கும்படி குளுக்கோஸைக் கூட்டியும் குறைத்தும் ஏற்றுவோம். எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ, அதுவே உடல் இன்சுலினுக்கு எவ்வளவு இசைகிறது என்பதற்கு அளவு. மற்றொரு கையைச் சூடான பெட்டிக்குள் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். மணிக்கணக்காக இது நடக்கும். மருத்துவர் எண்களைப் பார்ப்பார். படுத்திருப்பவர் யாரைப் பார்ப்பார்? நம்மைத்தான். சென்ற வருடம் ஒரு பீடித் தொழிலாளி, நாள் கூலி போய்விடுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே அசையாமல் படுத்திருந்தார். அவருக்கு இழப்பீடாகக் கொடுக்கப்பட்ட தொகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்சுலின் ஏறக்குறைய சுரக்காமலே போகும் வகை 1 என்று நினைத்து முன்பு அவருக்கு வேறோரிடத்தில் எழுதிக் கொடுத்திருந்த இன்சுலின் அளவால், சாப்பாடு தாமதமான நாட்களில் இரண்டுமுறை மயங்கி விழுந்திருக்கிறார். நோய்க்குச் சரியான பெயர் வைப்பது எதற்காக என்பது அன்று எனக்கு விளங்கியது.

வகை 5 என்று தனியாகப் பிரிப்பதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் சுத்தமான சாம்பிள்களால்தான் பதில் சொல்ல முடியும்.

என் தம்பி 1971இல் பிறந்தபோது, ஒரு அக்கா தராசும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததாக அம்மா சொல்வாள், உனக்கும் சொல்லியிருக்கிறாள். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றியிருந்த கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அப்படித்தான் வீடு வீடாகப் போய் அளந்தார்கள். அவர்களுக்குச் சுமார் 28 வயது ஆனபோது மறுபடியும் தேடிப் பிடித்து, 2,218 பேருக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்தார்கள். கைக்குழந்தையாக மெலிந்திருந்து, பிற்பாடு வேகமாக எடை கூடியவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு அதிகமாக இருப்பது தெரிந்தது. அன்று தராசு பிடித்த அந்த அக்கா ஒரு நாள் சோம்பல்பட்டு உத்தேசமாக ஓர் எண்ணை எழுதியிருந்தால், முப்பது வருடம் கழித்து யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நாம் படித்த காலத்தில் கதிரியக்கத்தை அளக்கும் காமா கவுண்டருக்கு முன்னால் நின்று நீ எப்போதும் சொல்வாயே, ராசலின் யாலோ நம் கட்சி என்று. இரத்தத்தில் இருக்கும் அணுவளவு இன்சுலினைக் கதிரியக்கத்தின் துணையால் அளக்க முடியும் என்று அவரும் அவரோடு உழைத்த பெர்சனும் 1960இல் காட்டினார்கள். யாலோவுக்கு நோபல் பரிசு வந்த 1977இல் பெர்சன் உயிரோடு இல்லை. உன் மகளுக்கு அந்தக் கதையை நீயே சொல், உனக்குத்தான் நன்றாக வரும்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கிடைத்திருப்பது திட்டப் பணி. ஆய்வுக்குப் பணம் இருக்கும்வரை வேலை, பிறகு நீட்டிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். என்னிடம் பழகித் தேர்ந்த மூன்று பெண்கள் இந்தக் காரணத்தால் தனியார் பரிசோதனைக் கூடங்களுக்குப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால் ஒரு கையைப் பழக்க இரண்டு வருடம் ஆகிறது என்பதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் புரிந்துகொள்ள மறுப்பது எனக்கு ஆறாத வேதனை. உன் வீட்டுக்காரரோடு கலந்து பேசிக்கொள். இதைச் சொல்லாமல் அவளை வா என்று அழைப்பது நியாயமாகாது.

முடிவெடுக்கும் முன் அவளை ஒருமுறை இங்கே அனுப்பு. ஞாயிறு இரவு நம் வீட்டில் தங்கட்டும். திங்கள் காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். மதியம்வரை என் பக்கத்தில் நிற்கட்டும். திரும்பும்போது உனக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கொடுத்தனுப்புகிறேன், இந்தமுறை முற்றாததாகப் பார்த்து.

ஃப்ரீசர் அண்ணனும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் திங்கள்தோறும் வந்து, நான் குறித்திருக்கும் வெப்பநிலை நோட்டைச் சரிபார்த்துவிட்டுத்தான் போகிறார்.

உன் அன்புத் தோழி