சால்னாவில் போன கணக்கு

செங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடுகிற கழிவான கிரியேட்டினின் 1.9 என்றதும் கறியையே மறந்துவிட்டேன் என்கிறாய். புனலூரில் இருந்துகொண்டு போத்திறைச்சி வறுக்கிற வாசத்தைத் தாண்டி நடக்கிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் அவசரப்பட்டுவிட்டாய். போன வருஷம் நானும் இதைத்தான் செய்தேன், அதுவும் கோணலாக.

பார்டர் கடைக்குப் போனால் நாட்டுக்கோழித் துண்டுகளைப் பேரன் இலையில் தள்ளிவிடுவேன். ரெண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்து அடிப்பேன். கறியைத் தொடவில்லை என்று பெருமை வேறு. உணவு ஆலோசகர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். நம் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாத பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டிலும் ஒரு பங்கு, கறி கொதிக்கும்போது சாற்றில் இறங்கிவிடுமாம். போட்ட உப்பும் அங்கேதான் கிடக்கிறது. "தின்ன வேண்டியதை விட்டுட்டு, விட வேண்டியதைக் குடிச்சிருக்கீங்க" என்றார். ஆட்டுக்கால் சூப்பும் இதே கதைதான்.

டயாலிசிஸ் வரை போகாத நம்மைப் போன்றவர்களுக்குப் பொதுவாக எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம். நான் 60 கிலோ, கூடிப்போனால் 48 கிராம். சோறு, இட்லி, பருப்பு, மோரிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். வெந்த கோழி 50 கிராமில் 13 கிராம் போல இருக்கிறது. அதனால் கறி நாளில் எனக்கு ரெண்டு சின்னத் துண்டு, அன்றைக்குப் பருப்பு கிடையாது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் உன் அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்து நீயும் சாப்பிடாதே. உன் அளவை உன் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

வீட்டுக்காரி இப்போது கோழியை முதலில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள். நுரையும் மஞ்சளுமாக அது தொட்டியில் ஓடும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, நல்லமிளகு போட்டு ஒரு பிரட்டு. உப்பு பேருக்கு. முதல் வாரம் வைக்கோல் மாதிரி இருந்தது, பழகிவிட்டது. ஈரல், கருவாடு, பாக்கெட்டில் வரும் சாசேஜ் மூன்றும் வீட்டுக்குள் வருவதில்லை. சாசேஜில் சேர்க்கிற பாஸ்பேட் ஏறக்குறைய முழுசாக ரத்தத்தில் ஏறிவிடுமாம். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பை யாராவது நல்லது என்று தந்தால் வாங்காதே.

இன்னொன்று. ஞாயிறு மட்டன் சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன், கிரியேட்டினின் 2.1 வந்தது. குலை நடுங்கிப்போனேன். சமைத்த கறியே கிரியேட்டினினைக் கொஞ்ச நேரம் ஏற்றிக் காட்டுமாம். அடுத்த வாரம் கறி இல்லாமல் கொடுத்தபோது 1.8.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. பதிமூன்று கண் பாலத்தை ரயிலில் பார்த்தபடி ஒரு ஞாயிறு வாயேன். ரெண்டு துண்டு உனக்கும் உண்டு. உனக்கு ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று மட்டும் முதலில் எழுது, அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன் பழைய பெஞ்சுக்காரன்