கபடிக் கழக ஆண்டறிக்கை 2024–25: ஆட்டக்காரர்களின் காயங்களும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பயிற்சியாளர்களே, ஆட்டக்காரர்களே, அவர்தம் பெற்றோரே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

வென்ற கோப்பைகளை மட்டும் வாசித்துவிட்டு அமரும் வழக்கத்தை விடுத்து, பிள்ளைகளுக்கு ஏற்படும் அடிகளைப் பற்றியும் அவற்றுக்கு நாம் நாடும் வைத்தியத்தைப் பற்றியும் விரிவாகக் கூற வேண்டும் எனச் சென்ற பொதுக்குழுவில் பெற்றோர் கேட்டுக்கொண்டனர். அக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது என்பதால், போட்டி முடிவுகள் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கை காயங்களையும், மூட்டுகளைக் கையால் அசைத்துக் கொடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சையையும் பற்றியது.

ஆடவர் கபடியில் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களத்தின் பாதிக்குள் பாடி நுழையும் ஒருவரை ஏழு பேர் வரை சூழ்ந்து பிடிக்கிறார்கள். ஓடிய வேகத்தில் சட்டென நின்று திரும்பும்போது முட்டியும், பிடி விழுந்தபின் கோட்டை நோக்கி இழுத்துச் செல்லும்போது இடுப்பும் தோளும், கால்பிடியில் கணுக்காலும் பாரம் தாங்குகின்றன. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு மேட் எனும் செயற்கை விரிப்பில் ஆடும் போட்டிகள் நம் வட்டாரத்திலும் பெருகிவிட்டன. செம்மண்ணில் கால் சற்று வழுக்கிக் கொடுக்கும். மேட்டிலோ காலணி பற்றிக்கொள்வதால், உடல் திரும்பும் விசை பெரும்பாலும் முட்டியில் இறங்குகிறது. வாரம் முழுவதும் மண்ணில் பயிற்சி செய்துவிட்டு ஞாயிறன்று மேட்டில் ஆடப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் பயிற்சியாளர் மீண்டும் மீண்டும் கவலை தெரிவித்து வந்தார். அவர் கவலை சரியானதே.

இவ்வாண்டு முதல் காயப் பதிவேடு ஒன்று பேணப்படுகிறது. யாருக்கு, எந்த ஆட்டத்தில், எந்தப் பிடியில், உடலின் எப்பகுதியில் அடிபட்டது, யாரிடம் காட்டப்பட்டது, எப்போது களத்திற்குத் திரும்பினார் என்பவை அதில் எழுதப்படுகின்றன. பக்கங்களைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது கணுக்கால் பிசகுதான். பாதம் உட்புறமாக மடங்கும்போது வெளிப்புற ஜவ்வு இழுபட்டோ கிழிந்தோ வீங்குகிறது. இதுவரை களத்திலேயே எண்ணெய் தடவிச் சுளுக்கு எடுப்பதே நம் வழக்கமாக இருந்தது. இப்போது முதலுதவிப் பொறுப்பாளர், இரு பக்கக் கணுக்கால் எலும்புகளின் பின்விளிம்பிலும் நுனியிலிருந்து மேல்நோக்கி 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பார்க்கிறார். பாதத்தின் நடுப்பகுதியையும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியையும் அவ்வாறே பார்க்கிறார். எலும்பின்மேல் அழுத்தும்போது வலித்தாலோ, நான்கு எட்டுகள் வைக்க முடியாவிட்டாலோ, தடவுவதும் இழுப்பதும் இல்லை, நேரே எக்ஸ்ரே. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் வகுத்த இந்த எளிய சோதனை, உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றப்படுகிறது. முறிவு இல்லையென்று உறுதியானபின், ஒற்றைக்காலில் நின்று நிலைதடுமாறாமல் பழகும் பயிற்சியே அதே கால் மறுபடி மடங்காமல் காக்கிறது. சில வாரங்களுக்குப் பின்னும் மூட்டு இறுகியே இருந்தால், பிசியோதெரபிஸ்ட்டோ கைரோபிராக்டரோ கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது காலை மடக்க உதவுகிறது. ஆனால் பயிற்சியைக் கைவிட்டு அதை மட்டும் செய்துகொண்டவர்கள் மறுபடியும் பதிவேட்டில் இடம்பெறுகிறார்கள்.

முட்டி, தோள் ஆகியவற்றில் மருத்துவரிடம் செல்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. திரும்பும்போது 'டப்' என்ற சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கி, பின்னர் நடக்கையில் கால் நழுவுவது போலிருந்தால் அது பெரும்பாலும் முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வின் கிழிசலாக இருக்கும். அதற்கு எலும்பியல் மருத்துவரும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவை. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் ஒன்பது மாதங்கள் முடியும் முன் களமிறங்கக் கூடாது என்பதில் கழகம் விட்டுக்கொடுக்காது. இறங்கிய தோளைக் களத்தில் வைத்தே இழுத்து ஏற்றுவது இனி தடை செய்யப்படுகிறது. அருகிலுள்ள நரம்பு நசுங்கியிருக்கிறதா, எலும்பில் விரிசல் உள்ளதா என்று பார்க்காமல் இழுப்பது, பல ஆண்டுகள் ஆட வேண்டிய பிள்ளையின் கையைப் பணயம் வைப்பதாகும். கிழிந்த ஜவ்வையோ முறிந்த எலும்பையோ எந்தக் கைரோபிராக்டரும் கையால் சேர்த்துவிட முடியாது. நேர்மையானவர்கள் அப்படிச் சொல்வதும் இல்லை.

அவர்கள் கை உண்மையில் உதவுவது இடுப்பிலும் முதுகிலும்தான். கைரோபிராக்டிக் என்பது 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் தொடங்கிய முறை. இறுகிய முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் குறுகிய, விரைவான விசை கொடுத்து அசைப்பது அதன் மையம். அப்போது எழும் 'மடக்' சத்தம் மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அதைக் கேட்டுப் பிள்ளைகள் நம்புவதால் இதை எழுத நேர்கிறது. வலி குறைவதும் தசை தளர்வதும் மெய்தான். அந்தச் சத்தம் வந்தால்தான் குணம் என்பது மெய்யன்று. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பாகப் பார்க்கத்தக்க வழிகளில் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் முதலியவற்றுடன் முதுகெலும்பு அசைப்பையும் சேர்த்துள்ளது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2016-இல், இத்தகைய கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே பரிசீலிக்கலாம் என்று வரையறுத்தது. செயற்குழு இரண்டாவது நிலைப்பாட்டையே கழகத்தின் நிலைப்பாடாக ஏற்றுள்ளது.

இதை இரு ஆட்டக்காரர்களின் அனுபவம் விளக்கும். பெயர்களைத் தவிர்க்கிறேன், இருவரும் இசைவு தந்துள்ளனர். முதல்வர் நம் மூத்த அணியின் பிடியாளர். மாசி மாத மின்னொளிப் போட்டி ஒன்றில் எதிரணியினரைத் தூக்கிப் பிடித்தபின் இடுப்புப் பிடிப்பு வந்து, குனிந்து காலணி நாடாவைக் கட்டவும் முடியாமல் இருந்தார். கைரோபிராக்டர் முதலில் அவர் காலின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்து, நரம்பு அழுத்தம் இல்லையென உறுதி செய்துகொண்டார். சில அமர்வுகளில் இடுப்பு மூட்டுகளைத் தளர்த்தி, அதே நாளிலிருந்து வயிற்று, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகளையும் கொடுத்தார். வலி தணிந்ததும் நம் பயிற்சியாளர் அவரைப் பளு தூக்கும் முறையில் திருத்தினார். எதிராளியைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் தொடையை மடக்கித் தாழ்ந்து எழும் பழக்கம் அவருக்கு இப்போது கைவந்துள்ளது.

மற்றவர் இளையோர் அணியில் பாடிச் செல்பவர். பின்னால் வளையும்போதெல்லாம் இடுப்பின் ஒரு பக்கம் குத்தியது. ஓய்வில் தணிந்து, ஆடினால் திரும்பியது. "ஒரு தடவை நெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் சார்" என்று வந்தவரை, ஒரு காலில் நிற்க வைத்துப் பின்னால் வளையச் சொல்லிப் பார்த்த அதே கைரோபிராக்டர், கை வைக்க மறுத்து ஸ்கேனுக்கு அனுப்பினார். வளரும் வயதில் திரும்பத் திரும்ப வளைவதால் முதுகெலும்பின் மெல்லிய பாலத்தில் உண்டாகும் அழுத்த விரிசல் அது என்று தெரிந்தது. அதற்கு மருந்து ஓய்வும் படிப்படியான பயிற்சியும்தான். எலும்பியல் மருத்துவரின் கண்காணிப்பில் அவர் இப்பருவம் முழுவதும் களத்துக்கு வெளியே இருந்தார். அன்று கை வைக்க மறுத்த அந்தச் செயலை, இவ்வாண்டில் நம் கழகத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சை என்றே நான் கருதுகிறேன்.

கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்துப் பயிற்சிக்குப் பின் ஒருவர் கழுத்தை ஒருவர் திருகி நெட்டி எடுக்கும் பழக்கம் இளையோரிடையே பரவியுள்ளது. கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் உள்ளன. அரிதாகவேனும் அவற்றின் சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும் என்பதால், களத்திலும் ஓய்வறையிலும் இது முற்றாகத் தடுக்கப்படுகிறது. தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ கண்டவர் அன்று மறுபடி ஆடக்கூடாது. அவர் கழுத்தில் யாரும் கை வைக்கவும் கூடாது. இடுப்பு வலியுடன் கால் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பெற்றோர் இவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

யாரிடம் அனுப்புவது என்பதில் செயற்குழு நீண்ட நேரம் விவாதித்தது. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனிப் பதிவு மன்றம் இல்லாததால், பலகை மாட்டியவரெல்லாம் அப்பெயரைச் சூடிக்கொள்ள முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், முழுநேரப் பயிற்சிக்கு நான்கு ஆண்டுகளையும் குறைந்தது 4,200 மணி நேரக் கற்பித்தலையும் நிர்ணயித்தன. அத்தகைய படிப்பை எங்கே முடித்தார் என்ற சான்றைக் காட்டுபவரிடம், அதுவும் எலும்பியல் மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ முதலில் பார்த்தபின் மட்டுமே, கழகம் ஆட்டக்காரரை அனுப்பும். முதல் சந்திப்பிலேயே நீண்ட தொகுப்புக் கட்டணம் கேட்பவரையும், கேள்வி எதுவும் கேட்காமல் நேரே மேசையில் படுக்கச் சொல்பவரையும் தவிர்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தடுப்பு முறைகளில், ஆட்டத்துக்கு முன் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தொடைப் பின்தசைக்காக, முட்டியிட்டு உடலை மெல்ல முன்னே சாய்க்கும் பயிற்சி அதில் சேர்க்கப்பட்டது. முன்பு கணுக்கால் மடங்கியவர்களுக்கு உறை வழங்கப்பட்டது. மகளிர் அணிக்கும் அதே அளவில் வழங்க இவ்வாண்டு நிதி போதவில்லை. வரும் ஆண்டில் அது முதல் செலவாக இருக்க வேண்டும்.

எனவே, காயப் பதிவேட்டைத் தொடர்வது, களத்தில் சுளுக்கு எடுப்பதையும் தோள் ஏற்றுவதையும் தடை செய்வது, மேற்சொன்ன நிபந்தனைகளோடு கைரோபிராக்டிக் சிகிச்சைக்கான செலவில் ஒரு பகுதியை நலநிதியிலிருந்து வழங்குவது, மகளிர் அணிக்குக் கணுக்கால் உறைகளும் வாரம் ஒருநாள் மேட் பயிற்சியும் ஏற்பாடு செய்வது ஆகிய தீர்மானங்களையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்