இடியப்ப உரலை வகுப்புக்கு அனுப்புங்கள்: இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

லண்டனில் ஓர் இடைநிலைப் பாடசாலையில் வடிவமைப்பும் தொழினுட்பமும், உணவுத் தயாரிப்பும் போஷாக்கும் என்ற இரண்டு பாடங்களையும் கற்பிக்கிறேன். இந்த மடலைப் பெற்றோருக்கும், வார இறுதியில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்கு முன் ஒரு சிறு சண்டையும் இருக்கிறது.

சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்பதாம் ஆண்டில் விருப்பப் பாடப் படிவம் வீட்டுக்கு வந்தால், நம்மவர் பேனா முதலில் அடித்துவிடுவது இந்த இரண்டு பாடங்களையும்தான். “சமைக்கப் பழகவா இவ்வளவு தூரம் வந்தோம், டீச்சர்?” என்று பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தை கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பழி முழுவதும் பெற்றோர் மீதும் இல்லை. 2010இல் அரசாங்கம் பாடசாலைகளை அளப்பதற்குக் கொண்டுவந்த ‘இங்கிலிஷ் பக்கலோரியேட்’ பட்டியலில் இந்தப் பாடங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பட்டியலில் இல்லாத பாடத்துக்கு அதிபர் எப்படிப் பணம் ஒதுக்குவார்?

ஆனால் பாடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யில் இந்த உணவுப் பாடம் 2016இல் புதிதாகத் தொடங்கியது. எந்தத் தேர்வு வாரியமாக இருந்தாலும் எழுத்துத் தேர்வுக்குப் பாதி மதிப்பெண். 15 சதவீதம் உணவின் விஞ்ஞானத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கு. 35 சதவீதம் மூன்று உணவுகளைத் திட்டமிட்டு, மூன்று மணித்தியாலத்துக்குள் செய்து பரிமாறுவதற்கு. அந்த ஆய்வில் ஒரு கருதுகோள் வேண்டும், மாறிகளைக் கட்டுப்படுத்த வேண்டும், முடிவை வரைபில் காட்ட வேண்டும். வடிவமைப்புப் பாடத்திலும் பாதி மதிப்பெண், மாணவரே ஒரு தேவையைக் கண்டுபிடித்து, வரைந்து, செய்து, சோதித்து, திருத்தும் செயற்றிட்டத்துக்குத்தான். பொறியியலாளராக வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நெருங்கிய பாடம் அந்தப் படிவத்தில் வேறு எது?

உயர்தரத்தில் உணவுத் தொழினுட்பம் இப்போது இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஏ லெவலில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. பதினாறு வயதுக்குப் பிறகு உணவு விஞ்ஞானப் பாடநெறி ஒன்று சில இடங்களில் கிடைக்கிறது. போஷாக்கியல் படிக்க விரும்புபவரிடம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் உயிரியலையோ இரசாயனவியலையோ கேட்கின்றன. இதை மறைத்து உங்களை இணங்கவைக்க எனக்கு விருப்பமில்லை.

இனி வேண்டுகோள். எங்கள் வகுப்பறைகளில் வளம் குறைவு. நான் சொல்வது கணினியையோ முப்பரிமாண அச்சுப்பொறியையோ அல்ல. அவை ஓரளவுக்கு இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்து ஆராயக்கூடிய பொருள்களும், பிள்ளையின் வீட்டு அடுப்போடு ஒட்டிய உதாரணங்களும்தான் இல்லை. சூட்டில் மாப்பொருள் நீரை உறிஞ்சி வீங்கிக் கெட்டியாவதை விளக்க எங்கள் பாடநூல்களில் வழமையாக வருவது பாலில் மாவைச் சேர்த்துக் காய்ச்சும் வெள்ளைச் சோஸ். நம் பிள்ளைகளில் பலர் அதை வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. அதே பிள்ளை கிழமையில் இரண்டு நாள் இடியப்பம் சாப்பிடுகிறது. மாவை இழுபடச் செய்யும் குளுட்டன் என்ற புரதம் அரிசி மாவில் இல்லை. பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பிழிந்தால் இழை அறுந்து அறுந்து விழும். கொதிநீர் ஊற்றும்போது மாப்பொருளில் ஒரு பகுதி வெந்து பசையாகி மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் அம்மா ‘தண்ணி நல்லாய்க் கொதிக்க வேணும்’ என்று சொன்னதன் விஞ்ஞானம் இதுதான், எங்கள் பாடத்திட்டத்தில் உள்ளதும் இதுதான். கொதிநீர், இளஞ்சூட்டு நீர், பச்சைத் தண்ணீர் என்று மூன்று கிண்ணங்களில் குழைத்து, ஒரே உரலில் பிழிந்து, இழையின் நீளத்தை அளந்தால் ஆய்வு கிட்டத்தட்டத் தயார்.

தோசை மாவும் அப்படித்தான். லண்டன் மார்கழியில் மா பொங்காத கவலை நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அவணின் விளக்கைப் போட்டு உள்ளே வைப்பவர்களும் இருக்கிறார்கள், வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் போர்வை சுற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். லக்டிக் அமில பற்றீரியாக்கள் வாயுவை வெளிவிட்டு மாவை உயர்த்துவது வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது? மூன்று அளவுச்சாடிகளும் ஒரு வெப்பமானியும் போதும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: முதல் நாளே அரைத்துப் புளிக்கவைக்க வேண்டிய தோசை அந்த மூன்று மணித்தியாலச் செய்முறைத் தேர்வுக்குள் அடங்காது. அது ஆய்வுக்கான பொருள்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு உணவுகள் இருக்கின்றன. சோறும் பருப்பும் எவ்வளவு சுவையாக இருந்தாலும் மதிப்பெண் திட்டம் அங்கே தேடும் கைத்திறன் குறைவு. நம் ரோல்ஸை எடுத்துப் பாருங்கள்: மாக்கரைசலில் மெல்லிய அப்பம் வார்த்தல், கறியைச் சரியான ஈரத்தில் வற்றவைத்தல், சுருட்டல், முட்டையிலும் ரஸ்க் தூளிலும் தோய்த்தல், எண்ணெயின் சூட்டைக் கணித்துப் பொரித்தல். ஒரே பலகாரத்தில் ஐந்து திறன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவிக்கும் வட்டிலப்பத்தில் முட்டைப் புரதம் சூட்டில் உறைவதை அப்படியே காட்டலாம். ஆவி கூடினால் தண்ணீர் விட்டுப் போவதையும் காட்டலாம். முழு மீனை முள் நீக்கித் துண்டமாக்குவது உயர் திறன்களில் ஒன்று. அது தெரிந்த அம்மம்மாமார் எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! பிள்ளையை ஒரு சனிக்கிழமை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வடிவமைப்பு வகுப்புக்கு நான் கேட்பது பொருள்கள். உங்கள் அலுமாரியில் சும்மா கிடக்கும் பழைய மர இடியப்ப உரல், பிட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டி, தேங்காய் துருவும் திருவலை. மர உரலை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். முழு பலமும் தோளிலிருந்து வர வேண்டும். திருகி இறக்கும் உலோக உரலில் அந்தப் பலத்தைத் திருகாணி பெருக்கிக் கொடுக்கிறது, ஆனால் நேரம் கூடுகிறது. மூட்டுவாதம் உள்ள ஒருவருக்கு எது பொருந்தும், பிடியை எப்படி மாற்றலாம் என்று கேட்டால், பதினான்கு வயதுப் பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் பத்து வரைபடம் வரைந்துவிடுவார்கள். நீத்துப்பெட்டி வேறு வகைப் பாடம். ஓலையின் இடைவெளியால் ஆவி போகிறது, மா கீழே கொட்டுவதில்லை, பயன் முடிந்தால் மண்ணோடு மண்ணாகிறது. நிலைபேறான வடிவமைப்பு என்று பாடத்திட்டம் சொல்வதற்கு நீத்துப்பெட்டியை ஒரு முறை மேசையில் வைத்தால் போதும். எங்கள் விளக்கப்படங்களை மூடிவைத்துவிடலாம்.

வகுப்புக்குச் சமையல் பொருள்கள் அனுப்பும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். வீட்டில் அரைத்த தூளை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, மேலே எதுவும் எழுதாமல் அனுப்பினால் நான் அதை வகுப்பில் திறக்க மாட்டேன். உணவில் இருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் இந்த நாட்டில் 14. அதில் கடுகும் உண்டு, எள்ளும் உண்டு. அதாவது நம் தாளிதமும் நல்லெண்ணெயும் அதற்குள் வந்துவிடுகின்றன. பெருங்காயப் பொடியில் கோதுமை மா கலந்திருப்பது வழக்கம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் உள்ளடக்கத்தை எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

மற்றது பணம். செய்முறைக்குப் பொருள் வாங்கிக் கொடுக்க முடியாத கிழமையில் பிள்ளைக்கு ‘வயிற்று வலி’ வருவதை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்படி, செய்த உணவை வீட்டுக்குக் கொண்டுபோக நீங்கள் முன்கூட்டியே விரும்பினால்தான் அரச பாடசாலை அந்தப் பொருள்களையோ அவற்றின் செலவையோ உங்களிடம் கேட்கலாம். ஆசிரியருக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். காரணம் எழுதத் தேவையில்லை.

தமிழ்ப் பாடசாலை நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆண்டு விழாவுக்கு உணவுக்கடை போடுகிறீர்கள், அதில் நிற்கும் அம்மாமாரின் செய்முறை ஒன்றுகூட எழுத்தில் இல்லை. ‘கை அளவு’, ‘பதம் வரும் வரை’ என்பதை வைத்துப் பிள்ளை செய்முறைத் தேர்வுக்கான நேரத்திட்டம் எழுத முடியாது. இந்தத் தவணையில் பத்து உணவுகளை எடுத்து, தராசு வைத்து நிறுத்து, கிராமிலும் மில்லிலீற்றரிலும் நிமிடத்திலும் எழுதித் தாருங்கள்; பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மாணவர்களையே எழுதவையுங்கள், ஆண் பிள்ளைகளையும் சேர்த்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துக்கு ஓர் உணவு. நிறுத்தவர் யார், சுவைத்தவர் யார் என்றும் குறித்தால் சுவைச் சோதனைப் பகுதிக்கும் உதவும். போஷாக்குக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், மற்றப் பாடசாலைகளின் உணவு ஆசிரியர்களுக்கும் அனுப்பிவைக்கிறேன். ரோல்ஸிலிருந்து தொடங்குங்கள், அதற்குத்தான் மாணவர்கள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் ஆசிரியைகளில் ஒருத்தி