பினாங்கு மருந்தாளுநர்களுக்கு: உதடு வீங்கியதா என்று கேளுங்கள்

பினாங்கின் கிளினிக்குகளிலும் மருந்துக்கடைகளிலும் முகப்பில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்களுக்கு வணக்கம்.

ஒரு நாள் விடியற்காலையில் என் அம்மா காப்பியை வாயில் வைத்தார். அது முகவாயில் வழிந்தது. மேலுதடு ஒரு பக்கம் மட்டும் பலாச்சுளை போல் தடித்திருந்தது. அரிப்பு இல்லை, தோலில் தடிப்பும் இல்லை. முந்தைய இரவு சாப்பிட்ட இறால் சம்பல்தான் காரணம் என்று நானே தீர்மானித்தேன். பூரான் ஊர்ந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் அரைத்துக் கொடுத்தார். ஒவ்வாமை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வீக்கம் வடிந்தது. அம்மா அன்றிலிருந்து இறாலைத் தொடவில்லை. பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாக்கு வீங்கியது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல் குரல் மாறிவிட்டது. அவர் தண்ணீர் கேட்டதுகூட எனக்குப் புரியவில்லை. அவசரப் பிரிவு மருத்துவர் மருந்துப் பையைக் கேட்டார். மேசையில் கொட்டினேன். பெரிண்டோப்ரில் அட்டையை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். அம்மா மூன்று ஆண்டாகச் சாப்பிட்டு வந்த பிரஷர் மாத்திரை அது.

உங்களுக்குத் தெரிந்த செய்திதான், எங்களுக்குத்தான் தெரியவில்லை. எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மருந்துகள் எல்லாம் ஒரே குடும்பம். இவை தடுக்கும் நொதிதான் உடலில் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. அது சிதையாமல் சேர்ந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து முகம், உதடு, நாக்கு, தொண்டை வீங்கும். ஒவ்வாமையில் வீக்கம் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளுக்கு இதில் பங்கில்லாததால் ஒவ்வாமை மாத்திரை பெரும்பாலும் பலிப்பதில்லை. ஓரிரு நாளில் வீக்கம் தானாகவே வடிந்துவிடுவதால் மாத்திரை கேட்டது என்று ஏமாந்துபோகிறோம். ஆயிரம் பேரில் 1 முதல் 7 பேருக்குத்தான் இப்படி வரும் என்கிறார்கள். முதல் வாரத்திலும் வரலாம், பல ஆண்டு கழித்தும் வரலாம். இந்தக் கடைசி விஷயம் தெரிந்திருந்தால் நான் இறாலைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

மருத்துவரைச் சில மாதங்களுக்கு ஒரு முறைதான் பார்க்கிறோம். உங்கள் முகப்புக்கோ மாதாமாதம் வருகிறோம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த மாத மருந்தைக் கொடுக்கும்போது, "உதடோ நாக்கோ எப்போதாவது வீங்கியதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வறட்டு இருமலையும் விசாரியுங்கள். அதுவும் இந்த மருந்தின் வேலைதான் என்று அறியாமல் மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பவர்கள் உண்டு. நீரிழிவுக்கு வில்டாகிளிப்டின் சேர்த்துச் சாப்பிடுபவர்களிடம் வீக்கத்தைப் பற்றிக் கூடுதலாகக் கேளுங்கள். அவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பையின் மேல் அளவு மலாயில் எழுதியிருக்கிறது. அம்மாவின் தலைமுறையில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. "நாக்கு வீங்கினால், மூச்சு முட்டினால், இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே 999-ஐ அழைக்கவும்" என்று ஒரு தமிழ் வரி ஒட்டினால் போதும். இதைப் படித்துப் பயந்து யாரும் எல்லா பிரஷர் மருந்தையும் தூக்கி எறியக் கூடாது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. அம்மா இப்போது அம்லோடிபின் சாப்பிடுகிறார். கணுக்கால் சற்று வீங்குகிறது. அது வேறு வீக்கம், தொண்டையை அடைக்காது என்று பொறுமையாக விளக்கியவர் உங்களில் ஒருவர்தான். பழைய மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு உதடு வீங்கக்கூடும் என்று எச்சரித்து, இந்த மருந்து அம்மாவுக்கு ஆகாது என்று ஒவ்வாமை அட்டை எழுதிக் கொடுத்தவரும் அவரே.

அந்த அட்டை அம்மாவின் மைகாட் அடையாள அட்டையோடு சுருக்குப்பையில் இருக்கிறது. கிளினிக்கில் யார் ஊசி போட வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு மகள்